பச்சை வளையமிட்ட தோட்டாக்கள்

இக்குறிப்பை எழுத வேண்டிய தேவை சென்ற கோடையில்தான் எழுந்தது. ஜெர்மனியில் ஊன்ட்றொப் என்னும் ஊரிலுள்ள நம்மவர் கோயிலின் தேர்த் திருவிழாவன்று, அன்னதானப் பந்தலுக்கு வெளியே உணவு வரிசையில், மோர்க் குவளையுடன் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற நடுவயதினர் இருவர், கார்ல்ஸ்ரூஹேயில் முற்காலத்தில் வாழ்ந்த தமிழரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தனர்.

"இந்தியாவில இருந்து வந்த ஒரு படிச்ச மனுசனாம். துவக்குத் தோட்டாவுக்குள்ள மருந்தை ரெண்டு மடங்கு போட்டு, ஒரு ஜெர்மன் கிழவன்ர கையைப் பறக்க விட்டவராம்" என்றார் ஒருவர்.

"பிறகு?"

"பிறகென்ன, ஆள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ஓட்டம்."

அந்தப் படித்த மனிதன் நான்தான். ஓரடி முன்னே வைத்தேன். அவர்கள் திரும்பிப் பார்த்து, முதியவர் என்பதால் வழிவிட்டனர். அவ்விடத்திலேயே மறுத்துரைத்திருக்கலாம். ஆயினும், ஒரு தோட்டாவுக்குள் எந்த வெடிமருந்து இருந்தது என்பதை உணவு வரிசையில் நின்றபடி விளக்க இயலாது. பொய் ஒன்று, அதைச் சொன்னவரின் வாழ்நாளையும் கடந்து, ஒன்றுமறியாத நல்லவர்களின் வாயில் நகைச்சுவையாக நிலைத்துவிட்டது. அதனாலேயே இதை எழுதி வைக்கிறேன். பெயர் எதையும் குறிக்கவில்லை. உரியவர்கள் மறுமொழி கூறும் நிலையில் இல்லை. அவர்தம் பிள்ளைகளோ இந்நாட்டில் மதிப்புடன் வாழ்கின்றனர்.

அறுபதுகளின் பிற்பகுதியில் நான் கார்ல்ஸ்ரூஹேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உலோகவியல் ஆய்வாளனாக இருந்தேன். பித்தளை ஏன் நாளடைவில் தானாக விரிசல் விடுகிறது என்பதே என் ஆய்வுப் பொருள். துப்பாக்கியைத் தொட்டறியாத குடும்பத்தில் பிறந்த எனக்கு, அதனோடு தொடர்பு உண்டாக்கியதும் அந்தப் பித்தளையே. எங்கள் ஆய்வுக்கூடப் பட்டறையின் தலைவர், நகரின் எல்லையிலிருந்த துப்பாக்கி சுடுவோர் சங்கத்துக்கும் தலைவர். ஒரு நாள் அவர் புகையிலைப் பெட்டி ஒன்றை என் மேசையில் கவிழ்த்தார். வாய் கிழிந்த சிறு பித்தளைக் குப்பிகள் உருண்டன. சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்று உறைகள் அவை.

"எங்கள் சங்கத்துக் கிழவருடையவை. எல்லாம் இப்படிக் கிழிகின்றன. பித்தளை உங்கள் துறையாயிற்றே" என்றார்.

கிழவர் என அவர் குறித்தவர், தெருவில் தண்டவாளத்தின்மேல் ஓடும் திராம் வண்டியை ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் தந்தை வழி வந்த சுழல்துப்பாக்கி ஒன்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட, உள்ளங்கையில் அடங்கும், குறுந்துளை ரிவால்வர். அதற்குரிய தோட்டாக்களை எந்த ஆலையும் அப்போது செய்யவில்லை. ஆகவே வேறு தோட்டாக்களின் குப்பிகளைக் குறுக்கி, வாயை ஒடுக்கி, மீண்டும் மீண்டும் நிரப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் விரிந்தும் ஒடுங்கியும் பித்தளை கடினப்பட்டுக் கிழிந்தது. வாய்ப்பகுதியை மட்டும் சூடாக்கி ஆறவிட்டால் அது மீண்டும் மென்மையடையும் என்று சொல்லி, எங்கள் உலையிலேயே செய்து கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் என்னைச் சுடுகளத்துக்கு அழைத்தார். அதன்பின் நான் அங்கே போகாத சனிக்கிழமை அரிது.

நான் சுட்டதைவிட நிரப்பியதே மிகுதி. வெற்றுக் குப்பியின் அடியில், அடிபட்டதும் பொறி எழுப்பும் தீமூட்டியில் பழையதை நீக்கிப் புதியதைப் பொருத்துவது, மருந்தை அளந்து இடுவது, ஈயக்குண்டை நேராக வைத்து அழுத்துபொறியால் இறுக்குவது என்று ஒவ்வொன்றும் பொறுமை கேட்கும் பணி. ஆய்வுக்கூடத்தில் விடை கிடைக்க மாதங்கள் ஆகும். இங்கே சனிக்கிழமை மாலைக்குள் தெரிந்துவிடும். அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் இட்ட மருந்து எப்போதும் கருமருந்து. இதைச் சற்று விளக்கியாக வேண்டும். பழைய துப்பாக்கிகள் கருமருந்துக்கென்றே செய்யப்பட்டவை. அது குப்பியை ஏறத்தாழ நிரப்பிவிடும். இருமுறை இட நினைத்தாலும் இடம் இராது. சுட்டால் வெண்புகை திரளும், கந்தகம் நாறும், குழல் கரிபிடித்துப்போகும், அன்றே வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவாவிட்டால் துருவேறும். பிற்காலத்துப் புகையில்லா மருந்து தூய்மையானது, ஆற்றல் மிக்கது. குப்பியின் அடியில் சிறிதளவே கிடக்கும். மறதியால் மீண்டும் ஒருமுறை இட்டாலும் வெளியே தெரியாது. பழைய உருக்கு அதைத் தாங்காது.

திராம் ஓட்டியவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு தோட்டாவையும் துப்பாக்கியின் சுழலும் உருளையில் இடுமுன் காதருகே வைத்துக் குலுக்குவார். கருமருந்து நிரம்பிய தோட்டா ஓசை எழுப்பாது; உள்ளே இடம் மிஞ்சியிருந்தால் மருந்து சலசலக்கும். ஓசை கேளாவிட்டால் தலையை அசைத்து உள்ளே இடுவார். முதன்முதலில் என் தோட்டாவைக் குலுக்கியபோது, "டாக்டர், உங்கள் பிள்ளைகள் வாயாடாதவர்கள்" என்றார்.

அச்சங்கத்தில் வழக்கங்கள் இரண்டு இருந்தன. நிரப்புகிறவர் ஒவ்வொருவரும் தீமூட்டியைச் சுற்றித் தமக்குரிய வண்ணத்தில் அரக்கு வளையம் இடுவர். எனக்குப் பச்சை. அடுத்தது, புதிதாக நிரப்பியவற்றில் முதல் தோட்டாவை நிரப்பியவரே சுட வேண்டும். அதன் பிறகே பிறர் கையில் கொடுக்கலாம். தன் கையைப் பணயம் வைக்காதவனுக்குப் பிறர் கையைப் பணயம் வைக்கும் உரிமையில்லை என்பது கருத்து. இவ்வழக்கத்தைக் கேட்ட அன்று, நேர்மையான மனிதர் நடுவே வந்து சேர்ந்தேன் என்று மகிழ்ந்தேன்.

அங்கே இன்னொரு தமிழரும் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பொறியாளர், என்னிலும் சில ஆண்டு மூத்தவர், சங்கத் தலைவரின் மகளை மணந்தவர். அவரை நான் அண்ணை என்று அழைக்கப் பழகியிருந்தேன். ஞாயிறுதோறும் அவர் வீட்டில் எனக்குச் சோறு உண்டு. இடியப்பத்துக்கு மாவு கிடைக்காத காலத்தில், கோதுமை மாவை அவித்து அவர் பிழிந்த இடியப்பத்தின் சுவை இன்னும் என் நாவில் இருக்கிறது. தமிழ்க் குரல் கேட்க அவரை விட்டால் எனக்கு அந்நகரில் ஆளில்லை. அவரும் தோட்டா நிரப்புவார். அவருடைய வளையம் சிவப்பு. வேகமானவர், பேசிக்கொண்டே நிரப்புவார். அதனால் திராம் ஓட்டியவர் சிவப்பு வளையத்தை வாங்கமாட்டார். அண்ணை அதைச் சிரித்துக் கடந்துவிடுவதுபோலவே காணப்பட்டார்.

கருமருந்தைக் கழுவும் வேலையை அவர் வெறுத்தார்.

"பண்டிதரே, உம்மட இந்தக் கரிக்கூத்தால என்ர கை ஒரு கிழமைக்கு அழுகின முட்டை மாதிரி மணக்குது. மனிசி பக்கத்தில வர விடுறாள் இல்லை."

"பழைய துப்பாக்கிக்கு அதுதான் அண்ணை மருந்து. வேற போட்டா தாங்காது."

"தாங்கும், தாங்கும். நீர் பித்தளைப் பண்டிதர். இரும்பைப் பற்றிக் கதையாதையும்."

இருவரும் சிரித்தோம்.

ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் பழந்துப்பாக்கிகளுக்கு மட்டும் ஒரு போட்டி நடக்கும். ஒருவர் சுட்டு முடித்துப் புகை கலைந்த பிறகே அடுத்தவர் சுடவேண்டும் என்பது விதி. வென்றவருக்குப் புகையிட்ட பன்றித்தொடை ஒன்று. புலால் உண்ணாத என்னிடம் அதைக் காட்டிக் கேலி செய்வது அவர்களுக்கு ஆண்டு விளையாட்டு. அவ்வாண்டு போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன், டுசல்டோர்ஃபில் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் சில சோதனைகள் செய்ய என்னை அனுப்பினார்கள். போட்டிக்குள் திரும்ப இயலாது. திராம் ஓட்டியவருக்கு உரிய குப்பிகளைச் சூடாக்கி, கழுவி, புதிய தீமூட்டியும் பொருத்தி, கருமருந்துப் பெட்டியுடனும் அளவைக் கோப்பையுடனும் அண்ணையின் சமையலறை மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"இதை மட்டும் போடுங்க அண்ணை. பச்சை வளையம் வேண்டாம், உங்க சிவப்பே இருக்கட்டும். நீங்க நிரப்பினதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. இந்த ஒரு தடவை வாங்கிக்குவார்."

"கோப்பையால அள்ளி ஊத்துறதுக்கும் ஒரு டாக்டர் பட்டம் வேணுமே? போட்டு வாரும் ஐசே. கிழவனை நான் பாக்கிறன்."

ஆய்வுக்கூடத்துக்கு நான் திரும்பிய காலையில், பட்டறைத் தலைவர் என் அறை வாயிலில் நின்றார். வணக்கம் கூறவில்லை.

"உங்கள் தோட்டாவால் துப்பாக்கி வெடித்துவிட்டது" என்றார். "கிழவரின் வலக்கையில் இரண்டு விரல்கள் இனி மடங்கா. மூக்குக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது."

அது என் தோட்டா அல்ல என்பதைவிட, அம்முதியவரின் கைதான் நினைவில் நின்றது. பிறகு, துப்பாக்கியைப் பார்க்கவேண்டும் என்றேன். பட்டறை அலமாரியில் சாக்குத்துணியில் சுற்றி வைத்திருந்தார். உருளை பிளந்திருந்தது, மேற்சட்டம் வளைந்து நின்றது. குழலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே நோக்கினேன். பளிச்சென்றிருந்தது. முகர்ந்தேன். கந்தக நாற்றம் சிறிதும் இல்லை.

"இதை யாராவது துடைத்தார்களா?"

"யாரும் தொடவில்லை. விழுந்தபடியே எடுத்து வைத்தேன்."

"மீதித் தோட்டாக்கள்?"

"பாதுகாப்புக்காக என் மருமகன் அன்றே அழித்துவிட்டார். எல்லாவற்றிலும் உங்கள் பச்சை வளையம் இருந்தது. நானே பார்த்தேன்."

துப்பாக்கியில் வெடித்தது கருமருந்து அல்ல என்பதை அவருக்கு விளக்கும் முன் அண்ணையைப் பார்க்க வேண்டுமென்று எண்ணினேன். அவ்வெண்ணம் நட்பின் கடமை என்றே அன்று எனக்குப் பட்டது. மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றேன். என்னை உள்ளே அழைக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டில் இறங்கி வந்தார்.

"அண்ணை, குழல் கண்ணாடி மாதிரி இருக்கு."

அவர் நடிக்கவில்லை. "ஓம்" என்றார்.

"என்ன ஓம்?"

"ஓம் எண்டால் ஓம்தான். கருமருந்தைக் கழுவ ஏலாது எண்டு, என்ர பிஸ்டலுக்குப் போடுற மருந்தைத்தான் போட்டனான். கொஞ்சமாய்ப் போட்டால் தாங்கும் எண்டு நினைச்சன். போட்டுக்கொண்டு இருக்கேக்க மனிசி கூப்பிட்டாள். திரும்பி வந்து எதில விட்டனான் எண்டு தெரியேல்லை. ஒண்டுக்கு ரெண்டு தரம் விழுந்திருக்கும்."

"பச்சை வளையம்?"

"சிவப்பெண்டால் கிழவன் தொடமாட்டான். உமக்குத் தெரியாதே?"

"நான் வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீர். எல்லாற்றை முன்னாலயும் அந்த மனுசன் என்ர பெட்டியைத் தள்ளிவைக்கிறது உமக்குச் சொட்டும் விளங்காது. எனக்கு விளங்கும்."

அவர் சிரித்துக் கடந்துவிட்டதாக நான் எண்ணியிருந்தது உள்ளே எத்தனை நாள் கனன்றது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

"மாமனார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. மனிசி பிள்ளைத்தாச்சி. குடியுரிமைக்கு அன்ட்ராக் குடுத்துப்போட்டு, விண்ணப்பத்துக்கு என்ன மறுமொழி வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். இப்ப பொலிஸ், வழக்கு எண்டு வந்தால் எல்லாம் போச்சு. சங்கக் கூட்டம் வருகுதுதானே, மாமாவை அதுக்குள்ள ஆயத்தப்படுத்திப்போட்டு நானே எழும்பிச் சொல்லுறன். அதுவரைக்கும் நீர் ஒண்டும் கதையாதையும். அண்ணை எண்டு கூப்பிடுறீர்தானே?"

கதையாமல் இருந்தேன். அந்நாட்களில் ஆய்வுக்கூட நடைவழியில் எனக்கு முகமன் கூறியவர்கள் குறைந்தனர். என் பணிக்காலத்தை நீட்டிப்பதா என்று பேராசிரியர் முடிவு செய்ய வேண்டிய நேரம் அது. உலையறைப் பொறுப்பு பட்டறைத் தலைவருடையது. உலையைப் பயன்படுத்த அவர் இசைவு இல்லாதவனுக்கு அங்கே செய்வதற்கு ஆய்வு எதுவும் இல்லை. கவனமான மனிதன் என்ற பெயர் ஒன்றே அந்நாட்டில் என் உடைமை. கூட்டத்தன்று அது திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக் காத்திருந்தேன்.

உணவகத்தின் பின்னறையில் சங்கம் கூடியது. திராம் ஓட்டியவர் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்து, சுவரோரம் அமர்ந்திருந்தார். நான் அருகில் சென்று நலம் கேட்டேன். "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

அண்ணை எழுந்தார். அவர் ஜெர்மன் மொழியை மிக அழகாகப் பேசுவார்.

"என் நண்பர் மிகவும் கவனமானவர் என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள்" என்று தொடங்கினார். சொல்லிவிடப்போகிறார் என்று எண்ணினேன். "ஆனால் பயணத்துக்கு முந்திய அந்நாட்களில் அவர் அளவுக்கு மீறி உழைத்தார், சரியாக உறங்கவில்லை. களைத்த மனிதனிடம் பிழை நேரும். அவரைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்."

அவர் குரலில் பரிவு இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்த கண்களிலும் பரிவே இருந்தது. அவர் என்னைத் தூற்றியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக மன்னிப்புக் கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் எழுந்தேன். அத்தோட்டாக்களை நிரப்பியவன் நான் அல்ல என்றேன். நிரப்பியவர் தாமே என் முன்னால் ஒப்புக்கொண்டார் என்றேன். அண்ணை தலையைக் குனிந்து மெல்ல அசைத்தார், நோயுற்றவன் பிதற்றலைக் கேட்பவர்போல.

"சரி, ஒருவர் சொல்லுக்கு மற்றவர் சொல் வேண்டாம்" என்றேன். "நான் கருமருந்து தவிர வேறெதையும் நிரப்பியதில்லை. நீங்கள் எல்லாரும் களத்தில் நின்றீர்கள். இவர் சுட்டபோது புகை எழுந்ததா?"

பலர் தம் பியர்க் குவளையைப் பார்த்தனர். பிறகு எல்லாரும் தலைவரைப் பார்த்தனர்.

"பழந்துப்பாக்கி நாள் அது. களமெங்கும் புகைதான். யாருடைய புகை எது என்று யார் கண்டது?" என்றார் தலைவர்.

ஒருவர் புகை கலைந்த பின்பே மற்றவர் சுடுவது விதி. அவ்விதியை அறியாதவர் அவ்வறையில் இல்லை.

"குழல் தூய்மையாக இருக்கிறது. யாரும் தொடவில்லை என்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள்."

"தொடவில்லை என்று நினைத்தேன். யாரேனும் துடைத்திருக்கலாம்."

"முதல் தோட்டாவைச் சுட்டவர் யார்?"

"என் மருமகன். உங்களுக்குப் பதிலாக."

"பதிலாள் சுடும் வழக்கம் இந்தச் சங்கத்தில் என்றைக்காவது இருந்திருக்கிறதா?"

அவர் கழுத்து சிவந்ததைக் கண்டேன். அந்நொடியில் எனக்குத் தெளிவாயிற்று: அண்ணை அவரை ஆயத்தப்படுத்திவிட்டிருந்தார், நான் நினைத்த வகையில் அல்ல, அவ்வளவே.

எஞ்சியிருந்தவர் ஒருவர்தாம். சுவரோரம் அமர்ந்திருந்த முதியவரிடம் திரும்பினேன்.

"ஐயா, நீங்கள் ஒவ்வொரு தோட்டாவையும் காதருகே குலுக்குவீர்கள். அன்று குலுக்கியபோது ஓசை கேட்டதா?"

அவர் கட்டுப்போட்ட கையை மேசையிலிருந்து மடிக்கு இறக்கினார். "அன்று நான் குலுக்கவில்லை" என்றார். "பச்சை வளையம் இருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன்."

அறை முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அதன்பின் என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. என்னை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கக் கைகள் உயர்ந்தன. முதியவரின் இடக்கையும் உயர்ந்தது. அண்ணை மட்டும் கையை உயர்த்தவில்லை. அவர் பெருந்தன்மையைப் பிறர் கண்டிருப்பர்.

வெளியே மழைத் தூறலில் அவர் என் பின்னே வந்தார்.

"ஐசே, நில்லும். கோவிக்காதையும்."

"நீங்களே சொல்றேன்னீங்க."

"சொல்லத்தான் நினைச்சனான். மாமா சொன்னார், ஏன் ரெண்டு குடும்பம் கெடவேணும் எண்டு. நீர் தனி ஆள். ஆய்வு முடிய எப்படியும் ஊருக்குப் போற ஆள். அங்க போனால் நீர் டாக்டர், பேராசிரியர். இஞ்ச நடந்ததை அங்க ஆர் கேக்கப்போறான்? நான் இஞ்சதான் இருந்து சாகவேணும்."

"நான் போறேன்னு யார் சொன்னா?"

அவர் உண்மையாகவே வியந்தார். "போகாமல்?" என்றார். பிறகு தம் குடையை என்னிடம் நீட்டினார். வாங்கவில்லை. அதுவே நாங்கள் இறுதியாகப் பேசிய தமிழ்.

அடுத்த வாரம் உலையறைச் சாவியைப் பட்டறைத் தலைவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பாதுகாப்பு என்று ஒரே சொல் சொன்னார். பேராசிரியர் நல்லவர், என்னைக் குறை கூறவில்லை, நீட்டிக்கவுமில்லை. பித்தளையைப் பற்றிய என் ஆய்வு பாதியில் நின்றது. அதைப் பிற்பாடு வேறொருவர் முடித்தார், செம்மையாகவே முடித்தார். டுசல்டோர்ஃபில் நான் சில வாரங்கள் சோதனை செய்த ஆலையிலேயே ஒரு பணி கிடைத்தது. ஆய்வு அல்ல, வழக்கமான தரச்சோதனை. அந்நகரிலேயே குடும்பமும் அமைந்தது. எந்தச் சங்கத்திலும் நான் பிறகு சேரவில்லை. தமிழர் கூடும் இடத்துக்குப் போகவும் பல ஆண்டுகள் கால் எழவில்லை. எவர் வாயிலிருந்தாவது 'ஐசே' என்ற அன்பு விளி எழுந்தால், அதன் பின்னே என்ன வரும் என்று உள்ளம் கணக்குப் பார்த்தது.

எழுபதுகளில் சட்டம் கடுமையாயிற்று. தோட்டா நிரப்புவோர் நம்பத்தக்கவர் என்று அரசிடம் இசைவு பெற வேண்டியதாயிற்று, பயிற்சியும் கட்டாயமாயிற்று. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வந்த நண்பர் ஒருவர், அங்கே சங்கத்தில் அப்பயிற்சியை ஒரு தமிழர் நடத்துகிறார் என்று பெருமையோடு சொன்னார். இரட்டை அளவின் தீங்கை விளக்கும்போது, தம் பழைய நண்பர் ஒருவரின் கதையை எடுத்துக்காட்டாகக் கூறுவாராம். கேட்பவர் மனத்தில் நன்றாகப் பதியுமாம்.

எழுபதுகள் முடிவதற்குள் ஒருமுறை அலுவல் காரணமாகக் கார்ல்ஸ்ரூஹே சென்றேன். திராம் நிறுத்தத்தில் அமர்ந்திருந்த முதியவர் என்னைக் கண்டு எழுந்தார். எனக்கு முதலில் முகம் புலப்படவில்லை. அவர் வலக்கையைப் பார்த்தே அறிந்தேன்.

"டாக்டர்! விடுமுறைக்கு வந்தீர்களா, இந்தியாவிலிருந்து?"

"டுசல்டோர்ஃபிலிருந்து. அங்கேதான் இருக்கிறேன்."

"எப்போதிலிருந்து?"

"இங்கிருந்து போன நாளிலிருந்து."

அவர் மீண்டும் அமர்ந்தார். வண்டி ஒன்று வந்து நின்று போயிற்று, அவர் ஏறவில்லை.

"அன்று நான் குலுக்கினேன்" என்றார் பிறகு. "ஓசை கேட்டது. ஒவ்வொன்றிலும் கேட்டது. திருப்பிப் பார்த்தேன், பச்சை. என் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்."

"கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை?"

"தலைவர் முந்திய நாள் வீட்டுக்கு வந்தார். நீங்கள் அடுத்த மாதமே நாடு திரும்புகிறீர்கள் என்றார். பயணச்சீட்டுக்கூட எடுத்துவிட்டதாகச் சொன்னார். போகிறவரை இது என்ன செய்துவிடும் என்றார். எனக்கோ அவர்களோடுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார வேண்டும்." என்னை நிமிர்ந்து பார்த்து, "போய்விட்டீர்கள் என்றே இத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன்" என்றார்.

நான் நாடு திரும்பியிருந்தால், தாம் கூட்டத்தில் சொன்னது பொய்யாகவே ஆகியிராது என்று அவர் கருதியதாகவே எனக்குத் தோன்றியது. இப்போது சென்று சங்கத்தில் சொல்வீர்களா என்று கேட்டேன். தலைவர் இறந்துவிட்டார் என்றார். மருமகன்தான் இப்போது தலைவர் என்றார். கிறிஸ்துமஸ் தோறும் தமக்குக் கூடை நிறையப் பழம் கொண்டுவந்து தருகிறார் என்றும், மிக நல்ல மனிதர் என்றும் சொன்னார். இடக்கையை என்னிடம் நீட்டினார். நான் பற்றவில்லை.

அடுத்த வண்டி வந்தது. வாழ்நாள் முழுவதும் அவ்வண்டியை ஓட்டிய அவரால், மடங்காத விரல்களோடு படியின் கைப்பிடியைப் பற்ற இயலவில்லை. முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். "நன்றி, டாக்டர்" என்றார். கதவு மூடிக்கொண்டது. மன்னித்தேனா என்று என் மனைவி பின்னர் கேட்டார். இல்லை, ஏற்றிவிட்டேன், அவ்வளவே.

இது என் நினைவிலிருந்து மட்டும் எழுதப்பட்டது. உரையாடல்களை எனக்குக் கேட்டவாறே தந்துள்ளேன். யாழ்ப்பாண வழக்கை நான் பிழைபட எழுதியிருந்தால், அதை நாவில் உடையவர்கள் பொறுத்துத் திருத்துவார்களாக. துப்பாக்கியின் உறுப்புகளுக்கு நான் ஆண்ட சொற்களினும் பொருத்தமானவை இருந்தால் அறிவிப்பார்களாக. அந்த இலையுதிர் நாளில் அச்சுடுகளத்தில் நின்ற எவரேனும், அல்லது அவர்கள் வாய்வழிக் கேட்ட பிள்ளைகளேனும் இதைப் படிக்க நேர்ந்தால், நான் இங்கே எவருக்கு எந்த வகையில் அநீதி இழைத்திருந்தாலும் தயங்காது சுட்டிக்காட்டுமாறு வேண்டுகிறேன். நான் இந்நாட்டிலேயே இருக்கிறேன், கேட்டுத் திருத்திக்கொள்வேன்.